பூட்டு விழுந்த கேம்: மலிவு விலை பிளேஸ்டேஷன் கணக்கு வாங்கப் போகிறவர்களுக்கு

பிளேஸ்டேஷன் என்ற வீடியோ கேம் கன்சோலை வைத்திருப்பவர்களும், பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுத்திருப்பவர்களும் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். ‘எந்த கேமும் கால் விலையில்’ என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்யும் ஓர் ஆளிடம் நான் ஏமாந்தேன். போனது ரூ.1,250. ஆயிரத்துச் சொச்சம்தானே, விட்டுத் தொலை என்று சொன்னவர்கள் உண்டு. எல்லோரும் அப்படி விட்டுத் தொலைப்பதால்தான் அந்தப் பக்கம் இன்றும் கடை விரித்திருக்கிறது.

நான் ஆசைப்பட்ட கேம் ‘ஹொரைஸன் ஜீரோ டான்’. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் இருக்கும் கெரில்லா கேம்ஸ் உருவாக்கியது; 2017 பிப்ரவரி 28 அன்று பிளேஸ்டேஷன் 4-இல் வந்தது. நம் காலத்து உலகம் அழிந்து ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆன பிறகு நடக்கும் கதை. மனிதர்கள் வில்லும் ஈட்டியும் ஏந்திய குலங்களாகத் திரும்பிவிட்டார்கள். காட்டில் மேய்பவை எல்லாம் இயந்திரங்கள். நோரா குலம் கைக்குழந்தையிலேயே ஒதுக்கிவைத்த ஏலாய் என்ற பெண், தன்னைப் பெற்றவள் யார் என்று தேடிப் புறப்படுகிறாள். அந்தத் தேடல் அவளை, பழைய உலகம் எப்படி அழிந்தது என்ற கேள்வியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதற்குமேல் சொன்னால் புதிதாக ஆடப் போகிறவர்களுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

வாங்குவதற்கு முன் இரண்டு வாரம், ஆடி முடித்தவர்களின் கருத்துகளைத் தேடித் தேடிப் படித்தேன். அவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. மனிதர்களின் முகங்கள் உரையாடலில் விறைப்பாக இருக்கின்றன என்றார் ஒருவர். மனித எதிரிகளுக்கு அறிவே கிடையாது, புதருக்குள் உட்கார்ந்து சீழ்க்கை அடித்தால் ஒவ்வொருவராக வந்து சாகிறார்கள் என்றார் இன்னொருவர். மூன்றே நாள் இடைவெளியில், மார்ச் 3 அன்று வந்த புதிய ‘ஸெல்டா’ கேமில் எந்த மலையிலும் ஏறலாம், இதில் குறித்துவைத்த இடங்களில் மட்டும்தான் ஏற முடியும் என்று ஒப்பிட்டுக் குறைபட்டவர்கள் பலர். ஆனால் குறை சொன்னவர்களும் இரண்டு விஷயங்களில் தலைவணங்கினார்கள்: இயந்திரங்களை வேட்டையாடும் முறை, அழிவின் மர்மம் மெல்ல மெல்ல அவிழும் விதம்.

ஆடிப் பார்த்த பிறகு நானும் அதையே சொல்வேன். தண்டர்ஜா என்று ஓர் இயந்திரம், டைனோசர் உருவம். அதன் முதுகில் வட்டுகளை வீசும் இரண்டு பீரங்கிகள் இருக்கின்றன. பாகங்களைப் பிய்த்தெறியும் அம்பை எய்து அந்தப் பீரங்கியைக் கழற்றி விழவைத்து, ஓடிப்போய் எடுத்து, அதையே அதன்மேல் திருப்பிச் சுட வேண்டும். முதல் முறை அது கைகூடியபோது என் அக்கா மகன் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினான். மனித எதிரிகளைப் பற்றிய குறை நியாயமானது. முகங்களைப் பற்றிய குறையை நான் ஏற்கவில்லை. ஏலாயை வளர்த்த ரோஸ்ட் அவளிடம் பேசும் இடங்களில் எனக்கு எந்த விறைப்பும் தெரியவில்லை.

சரி, ஏமாந்த கதைக்கு வருகிறேன்.

2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. மறுநாளும் அரசு விடுமுறை என்பதால் சேர்ந்தாற்போல் நான்கு நாட்கள். பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகன் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவன் வருவதற்குள் கேம் இருக்க வேண்டும் என்று அவசரப்பட்டேன். அப்போதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. விலை ரூ.750. ‘அண்ணா, வாழ்நாள் உத்தரவாதம். கேம் வட்டு தேவையில்லை. பத்து நிமிடத்தில் உங்கள் கன்சோலில் இருக்கும்’ என்று செய்தி வந்தது. அதோடு வாடிக்கையாளர்கள் பாராட்டியதாக முப்பது, நாற்பது உரையாடல் படங்கள்.

யூபிஐ மூலம் பணம் அனுப்பினேன். ஒரு மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் வந்தன. அந்தக் கணக்கில் என் கன்சோலில் நுழையச் சொன்னான். என் கன்சோலையே அந்தக் கணக்கின் முதன்மைக் கன்சோலாக மாற்றச் சொன்னான். கேமைத் தரவிறக்கிவிட்டு என் சொந்தக் கணக்குக்குத் திரும்பி ஆடச் சொன்னான். சொன்னபடி எல்லாம் நடந்தது. தீபாவளி அன்று காலைப் பலகாரம் முடிந்த கையோடு உட்கார்ந்தோம். ஒட்டகச்சிவிங்கி போல வானளாவ நடக்கும் டால்நெக் மீது முதல் முறை ஏறி உச்சியில் நின்றபோது, ‘மாமா, இப்போது இந்தப் பகுதியின் வரைபடம் திறக்கும் பாருங்கள்’ என்றான் பையன். விடுமுறை முடிந்தும் விடவில்லை. சனி, ஞாயிறு வந்துவிடுவான்.

நவம்பர் 9, சனிக்கிழமை மாலை. கன்சோலை இயக்கினோம். ஏலாயின் படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு. அழுத்தினால், இதை ஆட உங்களுக்கு உரிமம் இல்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. முந்தைய நாள் வரை ஆடிய கேம் கன்சோலுக்குள்ளேயேதான் இருக்கிறது, அதைத் திறக்க முடியவில்லை. கொடுத்த கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தேன். மாற்றப்பட்டிருந்தது.

விற்றவனுக்கு எழுதினேன். முதல் பதில்: ‘கன்சோலை இணையத்தில் இணைத்தீர்களா? அது உங்கள் தவறு.’ வாங்கும்போது இணைக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் விடாமல் கேட்கவும் பேச்சை மாற்றினான். ‘அண்ணா, அக்டோபர் 31 அன்று இந்த கேமின் ரீமாஸ்டர், அதாவது மெருகேற்றிய புதுப் பதிப்பு வந்துவிட்டது. அதனால் பழைய பதிப்பை நிறுவனமே பூட்டிவிட்டது. ரூ.500 கொடுத்தால் புதியதற்கு மாற்றித் தருகிறேன்’ என்றான்.

ரீமாஸ்டர் அன்றுதான் வந்தது என்பது உண்மை. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம், எபிக் இணையக் கடைகளில் அதற்குப் பிறகு பழைய பதிப்பின் விற்பனையை நிறுத்தியதும் உண்மை. அந்தச் செய்திகளை நானே படித்திருந்ததால் அவன் சொன்னதை நம்பி ரூ.500 அனுப்பினேன். பாதி உண்மையைத் தடவிக் கொடுத்த பொய் எவ்வளவு சுலபமாகத் தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது! முன்பு வாங்கியவர்கள் யாரிடமிருந்தும் பழைய பதிப்பு பிடுங்கப்படவில்லை. அதைவிட முக்கியம், ரீமாஸ்டர் பிளேஸ்டேஷன் 5-க்கும் கணினிக்கும் மட்டுமே உண்டு. என்னிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 4. அவன் எதைக் கொடுத்திருந்தாலும் அது என் கன்சோலில் ஓடியிருக்காது. பணம் போன மறு மணி நேரத்தில் என் எண்ணைத் தடுத்துவிட்டான்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதைப் பிறகு ஒவ்வொருவராகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கணக்குக்கு முதன்மையான பிளேஸ்டேஷன் 4 ஒன்றுதான் இருக்க முடியும். அந்தக் கன்சோலில் யார் கணக்கில் நுழைந்தாலும் அந்த கேமை ஆடலாம். அந்த இடத்தை எனக்கு விற்கிறான். அதே கணக்கின் கடவுச்சொல்லை இன்னொருவருக்கு இரண்டாவது இடமாகக் குறைந்த விலைக்கு விற்கிறான். அவர் அந்தக் கணக்கிலேயே நுழைந்து, இணைய இணைப்போடு ஆடிக்கொள்ள வேண்டும். சில வாரம் கழித்து, இணையத்தில் கணக்குக்குள் போய் எல்லா கன்சோல்களின் இணைப்பையும் ஒரே அழுத்தலில் துண்டிக்கிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அப்படிச் செய்யக் கணக்கு வைத்திருப்பவருக்கு வசதி உண்டு. என் கன்சோல் அடுத்த முறை இணையத்தைத் தொட்டதும் பூட்டு விழுகிறது. காலியான இடம் மூன்றாவது ஆளுக்குப் போகிறது. கிணற்றை விற்றுவிட்டுத் தண்ணீரை விற்கவில்லை என்று வழக்காடியவன் கதையை நாம் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். இவன் கிணற்றையும் விற்கவில்லை.

இன்னொன்றும் தெரியவந்தது, அது இன்றுவரை மனதை அறுக்கிறது. கொரோனா காலத்தில், 2021 ஏப்ரல் முதல் மே 14 வரை, சோனி நிறுவனம் ‘பிளே அட் ஹோம்’ திட்டத்தில் இந்த கேமின் முழுப் பதிப்பையும் இலவசமாகக் கொடுத்தது. அப்போது எடுத்துக்கொண்டவர்களுக்கு அது நிரந்தரமாகச் சொந்தம். எனக்கு விற்றது, கேமை அப்படி இலவசமாக எடுத்துக்கொண்ட கணக்காகவும் இருக்கலாம். கடவுச்சொல் என் கையில் இருந்த முதல் நாளே கொள்முதல் வரலாற்றைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அன்று ஏலாயைப் பார்க்கும் அவசரத்தில் இருந்தேன்.

வாடிக்கையாளர் பாராட்டுப் படங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தேன். வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு ஆட்கள் எழுதியதாகச் சொல்லப்பட்டவை. அவற்றில் ஒன்பது படங்களின் மேல் மூலையில் மணி 11:42, பேட்டரி 63 விழுக்காடு. ஒன்பதிலும் ஒரே நிமிடம், ஒரே பேட்டரி அளவு. ‘சூப்பர் அண்ணா’ என்ற சொற்களிலும் எழுத்துப்பிழை ஒரே இடத்தில்தான் விழுந்திருந்தது.

இங்கேதான் என் தவறு தொடங்கியது. கேமை ஆடியவர்கள் எழுதிய கருத்துகளில் ஒன்றுகூட என்னை ஏமாற்றவில்லை. ஏழு ஆண்டுகளாகத் தங்களுக்குள் சண்டை போட்டு, பிடித்ததையும் பிடிக்காததையும் காரணத்தோடு எழுதியவர்கள் அவர்கள். அவர்களைப் படித்து வந்த நம்பிக்கையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் இவன் பக்கத்தில் இறக்கிவைத்தேன். இவன் பக்கத்தில் குறை சொன்னவர் ஒருவர்கூட இல்லை என்பது அன்று எனக்கு உறுத்தவில்லை. ஏமாந்தவர்கள் கீழே எழுதியதை எல்லாம் அவன் அழித்துவிடுகிறான். நான் எழுதியது பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

சிலர், எங்களுக்கு விற்றவர் நாணயமானவர், இரண்டு வருடமாக ஓடுகிறது என்பார்கள். இருக்கலாம். ஆனால் கணக்கைப் பிறருக்கு விற்பதும் கடவுச்சொல்லைப் பகிர்வதும் பிளேஸ்டேஷன் விதிமுறைகளுக்கே எதிரானவை. அதனால் பிரச்சினை என்று வந்தால் நிறுவனத்தின் உதவி மையத்தில் போய் நிற்க நமக்கு உரிமை கிடையாது. கணக்கு யார் மின்னஞ்சலில் இருக்கிறதோ அவருடையது, அவ்வளவுதான். திருட்டு அட்டையில் பணம் கட்டி வாங்கிய கணக்காக இருந்தால் அது முழுவதுமாக முடக்கப்படும். கணினியில் ஸ்டீம் கணக்கை ‘இணையம் இல்லாமல் ஆடுங்கள்’ என்று இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு விற்பவர்களும் இதே வகைதான். அதே ஸ்டீமில் முறையாக வாங்கினால், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பிடிக்கவில்லை என்று சொல்லியே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வட்டு வாங்கினால் ஆடி முடித்துவிட்டு இன்னொருவருக்கு விற்கலாம்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்களுக்கு: பணப் பரிமாற்ற எண், உரையாடல், அந்தப் பக்கத்தின் முகவரி எல்லாவற்றையும் அவன் அழிப்பதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வழி உண்டு. நான் வெட்கப்பட்டுக்கொண்டு நான்கு நாள் கழித்து அழைத்தேன். புகார் எண் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. அவனிடம் உங்கள் சொந்தக் கடவுச்சொல் எதையாவது கொடுத்திருந்தால், அதைப் பயன்படுத்தும் எல்லா இடங்களிலும் மாற்றிவிடுங்கள். இரண்டாவது தவணை கேட்டால், என்ன காரணம் சொன்னாலும் கொடுக்காதீர்கள். எனக்கு ஆன நட்டத்தில் அந்த ஐந்நூறுதான் அதிகம் வலிக்கிறது.

டிசம்பரில், ஊரிலேயே ஒருவரிடம் நேரில் போய், வட்டில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரூ.800-க்குப் பழைய வட்டு வாங்கினேன். சேமித்து வைத்திருந்த 31 மணி நேர ஆட்டம் என் கணக்கில்தானே இருக்கிறது, விட்ட இடத்தில் தொடரலாம் என்று நினைத்தோம். தொடரவில்லை. அவன் விற்றது வேறு பகுதியின் கடையில் வாங்கிய பதிப்பு. அதன் அடையாள எண் வேறு. நம் வட்டு அந்தச் சேமிப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

பொங்கல் விடுமுறையில் பையன் முதலிலிருந்து தொடங்கினான். கன்சோலில் இடம் போதவில்லை என்று, பூட்டு விழுந்த பழைய பதிப்பை அழித்தேன். அந்த 31 மணி நேரக் கோப்பையும் அழிக்கப் போனபோது, ‘அது மட்டும் இருக்கட்டும் மாமா’ என்றான். அழிக்காமல் வைத்திருக்கிறேன்.