ஷவர் இருக்குற ஸ்டேட் பார்க்கா, அடி பம்பு இருக்குற சாபில் ஏரியா, எதுவுமே இல்லாத இலவச கேம்ப்பா?

அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல இருக்குற டுலூத்ல இருந்து 61 ரோட்ல வடக்க போயிட்டே இருந்தீங்கன்னா, வலது பக்கம் முழுக்க சுப்பீரியர் ஏரி கடல் மாதிரி கூடவே வரும், ஷ்ரோடர்னு ஒரு சின்ன ஊர் தாண்டினதும் டெம்பரன்ஸ் ரிவர் ஸ்டேட் பார்க் வரும், அடுத்த சில நிமிஷத்துல டோஃப்டே, அங்க இடது பக்கம் திரும்பினா சாபில் ஏரிக்குப் போற சாபில் டிரெயில்ங்குற காட்டு ரோடு. அந்தத் திருப்பத்துலதான் எல்லா கதையும் இருக்கு. நேரா ஏரிக்கரையிலேயே தங்குறதா, இல்ல திரும்பி 24 மைல் காட்டுக்குள்ள போறதா, போனா காசு கட்டுற கேம்ப்கிரவுண்டா இலவச கேம்ப்பா. மினியாபொலிஸ்ல இருந்து 4 மணி நேரத்துக்கு மேல ஓட்டிட்டு வந்து தப்பா முடிவெடுத்தா ரெண்டு நாள் லீவும் போச்சு. நான் மூணுலயும் தங்கிட்டேன், சிலதுல பல தடவை, அதனால இதை எழுதுறேன்.

முதல்ல ஸ்டேட் பார்க். வெந்நீர் ஷவர், ஃப்ளஷ் டாய்லெட், சில சைட்ல (டென்ட் போட ஒதுக்கின இடம்) கரண்ட், எல்லாம் உண்டு. 120 நாளைக்கு முன்னாடியே ஆன்லைன்ல புக் பண்ணலாம், அதனால குடும்பத்தோட கிளம்பும்போது "இடம் கிடைக்குமா"ங்குற பயமே இல்ல. ஆனா அதே காரணத்தால ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமை வேணும்னா அந்த 120-வது நாள் காலையிலயே உக்காந்து புக் பண்ணணும். வண்டிக்கு தனி பெர்மிட், நாளுக்கும் வாங்கலாம், வருஷத்துக்கும் வாங்கலாம். டெம்பரன்ஸ் ஆறு பாறைக்கு நடுவுல பிளந்துகிட்டு விழுற அந்தக் குறுகலான பள்ளத்தாக்க காலைல எழுந்து செருப்பு போட்டுட்டு நடந்தே போய் பாக்கலாம், அந்த வசதி வேற எங்கயும் வராது.

ஆனா ஒரு விஷயம், அங்க நீங்க தங்குறது சுப்பீரியர் ஏரிக்கரை. பாக்க அழகு, குளிக்க முடியாது. ஜூலைலயும் கால் வச்சா எலும்பு வரைக்கும் குளிரும், பிள்ளைங்க ரெண்டு நிமிஷத்துல ஓடி வந்துருவாங்க. 61 நெடுஞ்சாலை பார்க்குக்கு நடுவுலயே போகுது. அப்புறம் கூட்டம். நாங்க ஒரு தடவை (எந்தப் பார்க்னு சொல்லல, எங்க வேணாலும் நடக்கக்கூடியது) பக்கத்து சைட்ல பெரிய ஆர்வி (வீடு மாதிரி உள்ளயே தங்குற வண்டி), அதுல ஏசி ராத்திரி முழுக்க ஓடுது, எதிர்த்த சைட்ல ஸ்பீக்கர், பத்து மணி ஆனதும் பாட்ட நிறுத்திட்டாங்க, அது சரி, ஆனா அந்த ஏசி நிக்கல. என் பொண்ணுக்கு அப்ப ஆறு வயசு, "அப்பா, காடுன்னா இவ்ளோ சத்தமா இருக்குமா"ன்னு கேட்டா. அந்தக் கேள்விக்கப்புறம்தான் நான் சாபில் பக்கம் திரும்பினேன்.

சாபில் ஏரி சுப்பீரியர் தேசியக் காட்டுக்குள்ள இருக்கு. 1909-ல தியோடர் ரூஸ்வெல்ட் காலத்துல அறிவிச்ச காடு, அதோட வடக்குப் பகுதிதான் பவுண்டரி வாட்டர்ஸ்னு எல்லாரும் சொல்ற, கேனோங்குற துடுப்புப் படகுக்குன்னே ஒதுக்கின பாதுகாக்கப்பட்ட வனம், 10 லட்சம் ஏக்கருக்கும் மேல. கேம்ப்கிரவுண்ட் அந்த எல்லைக்கு சரியா வெளிய, ஏரி எல்லைக்கு உள்ள. இந்த ஒரு சின்ன விஷயத்தாலதான் அந்த இடமே அப்படி இருக்கு, ஏன்னா அந்த ஏரில மோட்டார் படகு கூடாது. துடுப்பு சத்தம் மட்டும்தான். கரண்டும் கிடையாது, அதனால ஏசி ஓட்டணும்னு நினைக்கிற பெரிய வண்டிங்க பெரும்பாலும் வர்றதில்ல. சுமார் ஐம்பது சைட் இருந்தும் மரங்க அடர்த்தியா இருக்குறதால பக்கத்து ஆள் அடுப்பு புகை தெரியும், ஆள் தெரியாது.

ஒவ்வொரு சைட்லயும் ஒரு மர மேஜை, நெருப்பு மூட்ட கம்பி வலையோட இரும்பு வளையம், டென்ட் போட சமமா ஒரு இடம், அவ்ளோதான். குடிக்கத் தண்ணி வேணும்னா அடி பம்பு. நம்ம ஊர் தெருமுனைல இருக்குமே அதே மாதிரிதான், கைப்பிடிய அஞ்சாறு தடவை அடிச்சா கிணத்துத் தண்ணி சில்லுனு வரும். எங்க அப்பா இந்தியால இருந்து வந்திருந்தப்ப கூட்டிட்டு போனேன், குடத்துக்கு பதிலா பிளாஸ்டிக் கேன் வச்சு அடிச்சாரு, பக்கத்துல ஒரு அமெரிக்கப் பெரியவர் தன் கேனோட வரிசைல நின்னாரு, ரெண்டு பேருக்கும் பாஷை சரியா புரியல, ஆனா இவர் அடிக்க அவர் பிடிக்க, அவர் அடிக்க இவர் பிடிக்க, கால் மணி நேரம் அங்கயே நின்னுட்டு இருந்தாங்க.

டாய்லெட் பத்தி எல்லாரும் பயப்படுறாங்க, அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். ஃப்ளஷ் கிடையாது, கீழ பெரிய தொட்டி, மேல கட்டடம், அதோட ஒரு உயரமான குழாய் கூரைக்கு மேல போகும். வெயில் பட்டு குழாய் சூடாகும், உள்ள இருக்குற காத்து மேல ஏறும், அதனால அறைக்குள்ள இருக்குற காத்து இருக்கை வழியா கீழ இழுக்கப்பட்டு குழாய் வழியா வெளிய போயிடும், நாத்தம் அறைக்குள்ள வராது. கதவ திறந்தே விட்டா இந்தக் காத்தோட்டம் கெட்டுப் போகும், அதனால மறக்காம மூடுங்க. குப்பை, டயபர் எதையும் உள்ள போடக்கூடாது. அம்மா முதல் நாள் ரொம்பத் தயங்கினாங்க, ரெண்டாவது நாள் "நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட விட நூறு மடங்கு சுத்தம்"னு அவங்களே சொன்னாங்க. ஆனா முழங்கால் வலி இருக்குறவங்களுக்கு ராத்திரி டார்ச் பிடிச்சுட்டு மேடு பள்ளத்துல நடந்து போறது கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன்.

குளிக்கிறதுக்கு ஏரி. டீ டிகாக்‌ஷன் மாதிரி பழுப்பா இருக்கும், அழுக்குன்னு நினைக்க வேணாம், சதுப்பு நிலத்துல ஊறுற இலை தழைல இருந்து வர்ற டானின். ஜூலைக்கடைசி ஆகஸ்ட்ல நல்லா வெதுவெதுப்பாயிடும், பிள்ளைங்க வெளியவே வர மாட்டாங்க. சோப்பு மட்டும் ஏரில போடாதீங்க, பக்கெட்ல தண்ணி மொண்டுட்டு கரைல இருந்து நல்லா 200 அடி தள்ளிப் போய் குளிங்க. பாத்திரம் கழுவுறதும் அப்படித்தான், அடி பம்புக்குக் கீழ சாம்பார் பாத்திரம் கழுவுறத தயவுசெஞ்சு செய்யாதீங்க, அது எல்லாரும் குடிக்கிற இடம்.

கேனோ வாடகைக்கு எடுத்துட்டு ஒரு நாள் பவுண்டரி வாட்டர்ஸ் உள்ள போயிட்டு வர்ற பெர்மிட்டுக்கு காசு கிடையாது, நுழைவிடத்துல பெட்டில இருக்குற படிவத்த நாமளே நிரப்பினா போதும். ராத்திரி உள்ள தங்கணும்னாதான் மே 1-ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் கோட்டா பெர்மிட், அதாவது எண்ணிக்கை வச்சுக் கொடுக்குறது. பகல் பயணமானாலும் விதி ஒண்ணுதான், ஒரு குழுவுல 9 பேருக்கு மேல கூடாது, நாலு படகுக்கு மேல கூடாது, டின் கேன் கண்ணாடி பாட்டில் எடுத்துட்டுப் போகக்கூடாது. 10 வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைங்க படகுல லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகணும், மினசோட்டா சட்டம். பெரியவங்களும் போட்டுக்கோங்க, நம்ம ஆளுங்கள்ல நீச்சல் தெரியாதவங்கதான் அதிகம்.

இப்ப மூணாவது, அதுக்குத்தான் எனக்கு மனசு அதிகம். அதே காட்டுக்குள்ள ரஸ்டிக் கேம்ப்கிரவுண்ட்னு சின்னச் சின்ன இடங்க உண்டு. பேக்கர் ஏரி, கவிஷிவி ஏரி, இதெல்லாம் அஞ்சு சைட் இருக்குற இடங்க. காசு கிடையாது, புக்கிங் கிடையாது, முதல்ல வர்றவங்களுக்கு இடம். மேஜை, நெருப்பு வளையம், டாய்லெட் இருக்கும். குடிதண்ணி இல்லைன்னே வச்சுகிட்டு கிளம்புங்க, குப்பைத்தொட்டியும் கிடையாது, கொண்டு போனதெல்லாம் வண்டில திரும்ப வரணும். ஒரு ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் கணக்கு வச்சு வீட்ல இருந்தே எடுத்துட்டுப் போறது சுலபம், தீந்துட்டா ஏரித் தண்ணிய ஒரு நிமிஷமாவது தளதளன்னு கொதிக்க வச்சுதான் குடிக்கணும். எவ்ளோ தெளிவா இருந்தாலும் ஜியார்டியான்னு ஒரு கிருமி இருக்கு, ஊருக்கு வந்து ரெண்டு வாரம் வயித்தப் பிடிச்சுட்டு கிடக்கணும்.

முதல் தடவை நாங்க போனது வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஏழு மணி. அஞ்சு சைட்டும் ஆள். பின் சீட்ல ரெண்டு பிள்ளைங்க பசியோட, மண் ரோடு, போன்ல ஒரு கோடு சிக்னல் கூட இல்ல, இருட்டுறதுக்குள்ள திரும்பி சாபிலுக்கு ஓட்டினேன், அங்க ஒரு சைட் மிச்சம் இருந்ததால பொழச்சோம். அடுத்த வருஷம் லீவு போட்டுட்டு ஆகஸ்ட் கடைசில ஒரு செவ்வாய்க்கிழமை போனோம், மனைவியும் நானும் மட்டும், அஞ்சு சைட்ல எங்களையும் சேத்து ரெண்டே டென்ட்.

அந்த ராத்திரிய எப்படி சொல்றதுன்னு தெரியல. காத்து நின்னு போச்சு, ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கு, ஒன்பதரை மணிக்கு மேல லூன் கூப்பிட ஆரம்பிச்சுது. மினசோட்டாவோட மாநிலப் பறவை, முக்குளிச்சு மீன் பிடிக்கிற ஜாதி. அதோட குரல் நீளமா, யாரோ தூரத்துல அழுற மாதிரி வரும், ஏரிக்கு அந்தப் பக்கத்துல இருந்து இன்னொண்ணு பதில் கொடுக்கும். நடுவுல இருக்குற அந்த இடைவெளில ஒரு சத்தம் கூட இல்ல, நம்ம மூச்சுதான் கேக்குது. என் மனைவி இந்த நாட்டுக்கு வந்து 11 வருஷத்துல முதல் தடவையா வானத்துல பால்வெளிய பாத்தா. ரெண்டு பேரும் பேசவே இல்ல, ரொம்ப நேரம்.

பூச்சி விஷயத்துல ஸ்டேட் பார்க்தான் ஜெயிக்கும், பெரிய ஏரிக் குளிர்காத்து அடிக்கிறதால கொசு கம்மி. காட்டுக்குள்ள ஜூன்ல போகவே போகாதீங்க, கொசுவோட கறுப்பு ஈயும் சேந்து கடிச்சு காதுக்குப் பின்னாடி வீங்கிடும். ஆகஸ்ட் நடுவுக்கு மேல ரொம்பக் குறையும், செப்டம்பர்ல இல்லவே இல்லன்னு சொல்லலாம். உண்ணி மட்டும் எங்கயும் இருக்கும், லைம் நோய் பரப்பும், சாயங்காலம் பிள்ளைங்க முழங்கால் மடிப்பு, தலை எல்லாம் தேடிப் பாருங்க. குளிரும் காட்டுக்குள்ள அதிகம், ஜூலைலயே ராத்திரி 10 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இறங்கும், வீட்டுப் போர்வை பத்தாது.

விறகுல ஒரு வித்தியாசம் இருக்கு. ஸ்டேட் பார்க்ல கீழ விழுந்து கிடக்குற சுள்ளி கூட பொறுக்கக் கூடாது, தேசியக் காட்டுல காஞ்சு விழுந்தத பொறுக்கி எரிக்கலாம். ரெண்டுக்குமே ஊர்ல இருந்து விறகு கட்டிட்டுப் போகக்கூடாது, ஆஷ் மரங்கள அழிக்கிற எமரால்ட் ஆஷ் போரர்ங்குற வண்டு விறகுக்குள்ள ஒளிஞ்சுதான் புது இடத்துக்குப் போகுது, அதனால போற இடத்துப் பக்கத்துலயே வாங்குங்க. கிளம்புறதுக்கு முன்னாடி நெருப்பு மூட்டத் தடை இருக்கான்னும் பாத்துக்கோங்க, 2021 ஆகஸ்ட்ல காட்டுத்தீயால பவுண்டரி வாட்டர்ஸையே மூடிட்டாங்க.

கரடி மூணு இடத்துலயும் உண்டு, கருங்கரடி, மனுஷன கண்டா ஒதுங்கும், ஆனா மசாலா வாசனைக்கு வரும். ஊற வச்ச சிக்கன், ஊறுகாய், பிஸ்கட், டூத்பேஸ்ட் எதுவும் டென்ட்டுக்குள்ள வேணாம், எல்லாம் வண்டிக்குள்ள பூட்டி வைங்க. நாங்க முதல் நாளுக்கு புளியோதரை, எலுமிச்சை சாதம் கட்டிட்டுப் போயிடுவோம், ரெண்டாவது நாளுக்கு உப்புமா, இதுக்கு கூலர் பெட்டில ஐஸ் கூட அவ்ளோ தேவைப்படாது.

பணத்தப் பாத்தா ஸ்டேட் பார்க்குக்கும் சாபிலுக்கும் சைட் வாடகைல பெரிய வித்தியாசம் இல்ல, வண்டி பெர்மிட்டும் கரண்ட் சைட்டும் சேரும்போதுதான் ஸ்டேட் பார்க் ஏறிடும். 62 வயசோ அதுக்கு மேலயோ ஆன சிட்டிசன், கிரீன் கார்டு பெரியவங்க கூட இருந்தா ஃபெடரல் சீனியர் பாஸ் வாங்கிக்கோங்க, தேசியக் காட்டு கேம்ப்கிரவுண்ட் பலதுல வாடகை பாதிதான். விசிட்டர் விசால வந்திருக்குற அப்பா அம்மாவுக்கு இது கிடைக்காது.

என்னோட முடிவு இதுதான். கைக்குழந்தை, முட்டி வலி பாட்டி, இல்ல முதல் தடவையா டென்ட் போடப் போறீங்கன்னா ஸ்டேட் பார்க் போங்க, யோசிக்கவே வேணாம். ஸ்கூல் போற வயசுப் பிள்ளைங்களோட போற குடும்பத்துக்கு சாபில், நான் யாருக்கு சொன்னாலும் முதல்ல அதத்தான் சொல்வேன், அடி பம்பு ஒண்ணு இருந்தா பாதி கவலை தீந்துரும். சாபில் நிறைஞ்சிருந்தா அதே பக்கம் கிரெசென்ட் ஏரி இருக்கு, ஆனா அங்க மீன் பிடிக்கிற மோட்டார் படகு வரும். இலவச கேம்ப் ரெண்டு பேர், மூணு பேர் போற வாரநாளுக்கு மட்டும், அதுவும் இடம் கிடைக்கலன்னா எங்க போறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு. டோஃப்டேலயே பெட்ரோல் போட்டுருங்க, மேப்பையும் டவுன்லோட் பண்ணிருங்க.

நாலஞ்சு குடும்பமா சேந்து போறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். சந்தோஷமா போங்க, ஆனா ப்ளூடூத் ஸ்பீக்கர மட்டும் வீட்ல வச்சுட்டுப் போங்க. தண்ணி மேல சத்தம் ரொம்ப தூரம் போகும், நம்ம சிரிப்பு எதிர்க்கரை வரைக்கும் கேக்கும். 300 மைல் ஓட்டிட்டு அந்த அமைதிக்காகவே வந்த யாரோ ஒருத்தர் அங்க உக்காந்திருப்பாரு.

இந்த வருஷம் லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கக்கிழமை) முடிஞ்சு ரெண்டாவது வாரம் நாங்க சாபில் போறோம். பொண்ணுக்கு இப்ப பன்னெண்டு வயசு, ஏரிப் பக்கம் இருக்குற சைட்டுதான் வேணும்னு இப்பவே சொல்லிட்டா, லூன் எல்லாம் தெக்க கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேக்கணுமாம்.