மயோவேர் 2.0 தசை சென்சார்: மூளை முடக்குவாத வீரர்களுக்கு வாங்கலாமா?

மயோவேர் 2.0 என்பது தோலில் ஒட்டித் தசையின் மின் சிக்னலைப் படிக்கும் ஒரு சிறு போர்டு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு தசை எப்போது விழிக்கிறது, எப்போது அடங்குகிறது என்று பார்க்க இந்தச் சென்சார் போதும். அந்தத் தசைக்கு எவ்வளவு பலம் என்று கேட்டால் இதனிடம் பதில் கிடையாது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள ஓட்டக்காரர்களோடு வேலை செய்யும் பயிற்சியாளரும் பிசியோதெரபிஸ்டும் இந்த எல்லையைத் தெரிந்துகொண்டு வாங்கினால் காசு வீண் போகாது.

போர்டு சிறியதுதான். அடியில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஈசிஜி எடுக்கும் ஒட்டு எலக்ட்ரோடுகள் அவற்றில் நேராகப் பொருந்தும். மூன்றாவது எலக்ட்ரோடு ஒயரோடு தனியாக வந்து, பக்கத்து எலும்பு மேட்டில் ஒட்டும். வெளியீடு மூன்று வகை: கச்சா சிக்னலான 'ரா', எதிர்ப்பாதியை மேலே மடித்த 'ரெக்ட்', அதை வழவழப்பாக்கிய 'ஈஎன்வி'.

எல்லோரும் ஈஎன்வியைத்தான் எடுப்பார்கள். திரையில் அழகான மலை மாதிரி வரும், புரிவதும் சுலபம். இந்த வீரர்களுக்கு அதுதான் கண்ணி. சில ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மாறும் எதையும் அந்த வடிகட்டி மழுக்கிவிடும். கணுக்கால் துடிக்கும் குளோனஸ் நொடிக்கு 5 முதல் 8 தடவை வரும். ஈஎன்வியில் அது மழுங்கி, கிட்டத்தட்ட ஒரே மேடாகத் தெரியும், ராவில் தனித்தனிக் கொத்தாகத் தெரியும். வேக ஓட்டத்தில் பாதம் தரையில் இருப்பதே நொடியில் சிறு பங்குதான். அங்கே ஈஎன்வி காட்டும் தொடக்கமும் முடிவும் தாமதமாகவே வரும். ராவை எடுத்து, கணினியில் 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, பிறகு 50 மில்லிநொடிச் சாளரத்தில் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) போடுவதே சரி.

ராவை எடுப்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. அதன் பெருக்கம் 200 மடங்கோடு நின்றுவிடும். போர்டில் உள்ள திருகு ஈஎன்வியை மட்டுமே கூட்டிக் குறைக்கும். மெலிந்த காலிலிருந்து 100 மைக்ரோவோல்ட் வந்தால் வெளியே 20 மில்லிவோல்ட். சென்சாரின் சிக்னலை எண்ணாக மாற்றும் சிறு கணினிப் போர்டான பழைய ஆர்டுயினோ ஊனோவின் 10 பிட் அளவியில் ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். முழு அசைவும் நாலே படியில் அடங்கிப்போகும். 'சென்சார் வேலை செய்யவில்லை' என்று தூக்கிப் போடுபவர்களில் பலருக்குச் சிக்கல் இங்கேதான். அதன் புதிய வகையான ஊனோ ஆர்4 மினிமா எடுத்து, நிரலில் 14 பிட் என்று அமைத்தால் (அமைக்காவிட்டால் அதுவும் 10 பிட்டிலேயே ஓடும்) அதே அசைவு அறுபதுக்கு மேற்பட்ட படிகளாக விரியும்.

பழைய ஊனோவே போதும் என்பவர்கள் சீரியல் வேகத்தையாவது (போர்டு கணினிக்கு எண்களை அனுப்பும் வேகம்) பாருங்கள். மாதிரி நிரல்களில் பெரும்பாலும் 9600 என்று இருக்கும். அதில் நொடிக்கு 960 எழுத்துதான் போகும். ஒரு அளவுக்கு ஐந்தாறு எழுத்து என்றால் நொடிக்கு இருநூறு அளவுகூடத் தேறாது. தேவை குறைந்தது 1000. அதை 115200 ஆக்குங்கள்.

அடுத்தது தோல். நம் ஊரில் விறைத்த காலுக்குத் தினமும் நல்லெண்ணெய் தேய்த்து உருவிவிடுவது வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கில் எலக்ட்ரோடு ஒட்டாது, ஒட்டினாலும் சிக்னல் கரகரக்கும். அளவெடுக்கும் நாளில் எண்ணெய் வேண்டாம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எடுக்கிற வீடு என்றால் வேறு கிழமை பாருங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, முடியை மழித்து, ஈரத் துணியால் லேசாகச் சிவக்கும்வரை தேய்த்து, ஸ்பிரிட் தடவி, அது முழுக்க உலர்ந்த பிறகு ஒட்டுங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஏழரை தாண்டினால் வியர்வையே எலக்ட்ரோடைக் கழற்றிவிடும். மேலே க்ரேப் பேண்டேஜ் ஒரு சுற்று போதும், இறுக்கிக் கட்டினால் அந்த அழுத்தமே தசையைத் தூண்டலாம். மெடிக்கல்ஸில் பெரியவர்களுக்கான எலக்ட்ரோடு கேட்காமல் குழந்தைகள் அளவைக் கேளுங்கள். உறை பிரித்தால் ஜெல் காய்ந்துவிடும், மிச்சத்தை ஜிப் கவரில் வையுங்கள்.

இடம் பிடிப்பதில் அவசரம் கூடாது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருந்து பாதத்தை மேலே தூக்கும் முன்தசைக்கு, ஃபிபுலா (கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பு) எலும்பின் மேல் நுனியிலிருந்து உள்கணுக்கால் நுனி வரை கோடு போட்டு, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் ஒட்ட வேண்டும். கெண்டைக்கு உள்பக்கம் புடைத்து நிற்கும் இடம். எலக்ட்ரோடுகளின் மையங்களுக்கு நடுவே 20 மில்லிமீட்டர் என்பது எலக்ட்ரோடு ஒட்டும் முறைக்கான ஐரோப்பிய வழிகாட்டியான செனியாமின் பரிந்துரை. போர்டின் பொத்தான்களை நகர்த்த முடியாது. மெலிந்த காலில் பக்கத்துத் தசையின் சிக்னலும் சேர்ந்து வந்துவிடும் என்பதால் எலக்ட்ரோடுகளை ஒயரில் இணைக்கும் துணைப் போர்டான கேபிள் ஷீல்டைத் தனியாக வாங்கி, எலக்ட்ரோடுகளைக் கையால் வைப்பதே மேல்.

இந்தச் சென்சார் கொடுத்த காசுக்கு உழைப்பது ஓட்டத்தில் அல்ல, படுக்கையில். வீரரைப் படுக்க வைத்து, கெண்டையில் சென்சார் ஒட்டி, பத்து நொடி சும்மா விடுங்கள். கோடு அமைதியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தலையணை, குளிர்ந்த கை, பேச்சு, பயம் எது தூண்டுகிறது என்று பாருங்கள். பிறகு பிசியோதெரபிஸ்ட் பாதத்தை ஐந்து நொடி எடுத்து மெதுவாக மேலே மடக்கட்டும். அதே தூரத்தை அடுத்து ஒரு வீச்சில் மடக்கட்டும். மெதுவான மடக்கலில் அமைதி, வேகமானதில் ஒரு கொத்து வெடித்தால் அது ஸ்பாஸ்டிசிட்டி, வேகத்தைப் பொறுத்த விறைப்பு. இரண்டிலும் கோடு அசையாமல் பாதம் மட்டும் மடங்க மறுத்தால், தசையும் தசைநாருமே குறுகியிருக்க வாய்ப்பு அதிகம். முன்னதற்கு மருந்து, ஊசி பற்றி மருத்துவரிடம் பேசலாம். பின்னதற்கு நீட்டல், ஸ்பிளிண்ட், சில சமயம் மாவுக்கட்டு. கையால் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே விறைப்பாகத்தான் தோன்றும். கடைசியாக, எதிர்க் கையை இறுக்கி மூடச் சொல்லுங்கள். படுத்திருக்கும் காலில் கோடு எழும்பினால் டிஸ்டோனியாவும் (தசை தன்னிச்சையாக முறுக்கிக்கொள்வது) கலந்திருக்கலாம், குறித்து வையுங்கள். விறைப்பைத் தளர்த்தும் பேக்லோஃபென் சாப்பிடுபவர் என்றால் மாத்திரை போட்ட நேரத்தையும், அதற்கே போடும் போட்டாக்ஸ் ஊசி போட்டிருந்தால் தேதியையும் சேர்த்து எழுதாத பதிவு பிற்பாடு எதற்கும் பயன்படாது.

'அதிகபட்ச பலத்தில் இத்தனை சதவீதம்' என்ற வழக்கமான கணக்கை இங்கே மறந்துவிடுங்கள். இவர்களில் பலருக்கு ஒரு தசையை மட்டும் தனியே முழுதாகச் சுருக்க வராது. முன்தசையை இழுக்கச் சொன்னால் கெண்டையும் சேர்ந்து இழுக்கும். தப்பான அதிகபட்சத்தால் வகுத்தால் சதவீதமும் தப்பு. அன்றைய ஓட்டத்தில் வந்த உச்சத்தையே 100 என்று வைத்து, அன்றைய பதிவுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். எலக்ட்ரோடைக் கழற்றி ஒட்டினாலே உயரம் மாறும், நேற்றைய மலையோடு இன்றைய மலையை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. முன்தசையும் கெண்டையும் ஒரே நேரத்தில் எத்தனை மில்லிநொடி விழித்திருக்கின்றன என்பதுதான் பயிற்சிக்கு உதவும் எண். அதற்கு இரண்டு சென்சார் வேண்டும். ஓட்டத்துக்காக ஒன்று மட்டும் வாங்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

ஓட்டத்துக்கு எல்லாவற்றையும் இடுப்பில் கட்டி, எஸ்டி கார்டில் பதிய வேண்டும். பல பவர் பேங்குகள் இவ்வளவு குறைந்த மின்சாரம் எடுத்தால் தானாகவே அணைந்துவிடும். 30 மீட்டர் முடிந்து பார்த்தால் கோப்பு காலியாக இருக்கும். குறைந்த மின்னோட்டத்துக்கான மோடு உள்ளதை வாங்குங்கள். லேப்டாப்பில் பதிந்தால் சார்ஜரைக் கழற்றியே ஆக வேண்டும். முதல் காரணம் பாதுகாப்பு, மின்லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அப்புறம்தான். நடை பார்க்கச் செட்டிநாட்டு வீட்டு முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேர்கோட்டில் நீளம் கிடைக்கும்தான். ஆனால் ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பில் வீரர் காலைப் பதுக்கிப் பதுக்கி வைப்பார், நடுவே வாசற்படிகளும் உண்டு. அது அவருடைய இயல்பான நடை ஆகாது. மைதான மண்ணே நல்லது.

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்திய வீராங்கனை பிரீத்தி பால் டி35 பிரிவில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெண்கலம் எடுத்த பிறகு, மூளை முடக்குவாதம் போன்றவை உள்ள, நின்று ஓடுபவர்களுக்கான டி35 முதல் டி38 வரை எந்தப் பிரிவில் பிள்ளையைச் சேர்க்கலாம் என்று பெற்றோர் கேட்கிறார்கள். இந்த வரைபடத்தைக் காட்டி வகுப்பு கேட்க முடியாது, அதை வகைப்படுத்தும் குழுதான் நேரில் பார்த்து முடிவு செய்யும்.

விலை அமெரிக்காவில் ஒரு போர்டு சுமார் 40 டாலர், இங்கே வந்து சேரும்போது கூடும். ஆய்வுக்கூடத்து ஒயர்லெஸ் கருவிகள் லட்சங்களில் போகும். வடிகட்டி நிரல் எழுதவோ, எழுதிக் கொடுக்கவோ ஆள் இல்லாத இடத்தில் இரண்டுமே அலமாரிக்குத்தான் போகும்.