முக்தா மலரோடு ஆறு வருடம்: புள்ளி தெரிகிறதா?

கடை நோட்டீஸ், இன்ஸ்டா கார்டு, வீடியோவுக்கு அடியில் ஓடும் வரி என்று தமிழில் நான் செய்யும் வேலையில் முக்கால்வாசி முக்தா மலர் ஃபாண்டில்தான். மும்பை ஏக் டைப் குழுவின் வேலை. இலவசம், வியாபாரத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மெலிசிலிருந்து தடிமன்வரை 7 கனம். தலைப்புக்கு 9 கனம் கொண்ட கேட்டமரன் ஃபாண்டும் கைவசம் உண்டு. ஆறு வருடம் புழங்கியதில் ஃபாண்டைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. சொதப்பியதெல்லாம் நான் அதை வைத்த இடம்தான்.

முதல் வருடம் ஒரு மெஸ்ஸுக்குக் கார்டு செய்தேன். மீன் குழம்பு படத்தின்மேலேயே விலைப்பட்டியல், வெள்ளையில், 24 பிக்சல், எக்ஸ்ட்ரா போல்டு. என் மானிட்டரில் அழகாக இருந்தது. நாலு போன் தாவிப் படம் நசுங்கியதும், எழுத்தின் புள்ளியெல்லாம் குழம்பில் மிதந்த எண்ணெய்ப் பளபளப்போடு கலந்துவிட்டது. மெஸ்கார அண்ணன் கூப்பிட்டு, “தம்பி, அது என்ன குழமபு?” என்றார். ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமலே எழுதிப் படித்த வம்சம்தான் நாம். ஆனால் மதியம் பசியோடு வருகிறவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாதே.

அதற்கப்புறம் 1080 பிக்சல் அகலக் கார்டில் 36-க்குக் கீழே இறங்குவதில்லை. சின்ன எழுத்தில் மீடியம் கனத்தோடு சரி. தடித்தால் ‘ண’வின் சுழி அடைத்துக்கொள்கிறது. படத்தின்மேல் எழுதியே ஆகவேண்டும் என்றால் பின்னால் மங்கலான கறுப்புப் பட்டை. நிழல் கொடுப்பதை விட்டுவிட்டேன், புள்ளியைச் சுற்றி அழுக்கு ஒட்டியதுபோல் தெரிகிறது.

வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு எழுத்து அளவைப்போல் 1.2 மடங்கு போதும். தமிழில் அப்படி வைத்தால் மேல் வரி ‘மூ’வின் வாலும் கீழ் வரி ‘கீ’யின் சுழியும் முட்டிக்கொள்கின்றன. 1.5 வைக்கிறேன். எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடும் ஆங்கில ஸ்டைல் தமிழுக்கு வேண்டவே வேண்டாம். ‘கொ’ மூன்று துண்டாகிக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று நிற்கும்.

கொம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய மென்பொருள் ஒன்றில் ‘மெதுவடை’ அடித்தேன். கொம்பு ‘ம’வைத் தாண்டிப் போய் ‘து’வோடு ஒட்டிக்கொண்டது. ஃபாண்டைத் திட்டிக்கொண்டு ஒரு வாரம் வேறு ஃபாண்ட் தேடினேன். கடைசியில் பார்த்தால், செட்டிங்ஸில் தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வைப் போடாததுதான் காரணம்.

நிறத்தில்தான் இன்னும் தகராறு. நம் ஊர் பிளெக்ஸுக்கு மஞ்சளும் சிவப்பும் இல்லாமல் முடியாது. பார்வை குறைந்தவர்களும் படிக்க வசதியாக வகுத்த இணைய அணுகல் விதிப்படி, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3 போதும். பளிச்சென்ற சிவப்பில் பளிச்சென்ற மஞ்சள் வெறும் 3.7. அதே மஞ்சளை அடர் மெரூனில் வைத்தால் 10-ஐத் தாண்டுகிறது. போன் திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மெஸ்கார அண்ணன் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “மெரூன் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு தம்பி” என்றார். இப்போது கடைப் பெயர் மட்டும் அவருடைய சிவப்பில், விலைப்பட்டியல் என்னுடைய மெரூனில்.