காட்பாடி திரைக்கதை வகுப்பு: இரண்டு ஞாயிறு

மாடியறையில் பாய் விரித்து நடந்த வகுப்பு. முதல் ஞாயிறு கதையை மூன்று அங்கமாகப் பிரிப்பது, எழுத்தில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கு, சரி, தெரிந்ததுதான். இரண்டாம் ஞாயிறு ஆசிரியர் நம் ஊர்ப்பக்கத்து பாரதக் கூத்தை எடுத்தார். சூதில் தருமன் ஒவ்வொன்றாகத் தோற்று, கடைசியில் பாஞ்சாலியையே பணயம் வைக்கிறான். அவிழ்ந்த கூந்தலை முடியமாட்டேன் என்கிறாள் அவள். அந்த ஒரு சபதம் 18-ஆம் நாள் துரியோதனன் வீழும் படுகளம் வரை கதையை இழுத்துக்கொண்டு போகிறது. விடிய விடிய எத்தனை முறை பார்த்திருப்பேன்! இடைவேளையில் ஒரு கேள்வி ஏன் தொங்க வேண்டும் என்று இப்போதுதான் புரிந்தது.

குறை ஒன்று: என் 12 காட்சி அட்டைகளில் நான்கைப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஆனாலும், நாயகி வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒன்பதாவது அட்டையை மூன்றாவதாக வைக்கச் சொன்னார். மாற்றி எழுதினேன். அப்புறம் கதை நகர ஆரம்பித்தது.