இயக்குநர் சொன்னதா, திரையில் இருப்பதா, ஒளிந்திருக்கும் குறிப்பா?

ஒரு படத்தின் முடிவைப் பற்றி ரசிகர்கள் மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் கவனித்தால் ஒன்று தெரியும், யாருடைய சாட்சி செல்லும் என்பதில்தான் முக்கால்வாசித் தகராறு. ஒருவர் ‘இயக்குநரே சொல்லிட்டார், அப்புறம் என்ன பேச்சு’ என்பார். இன்னொருவர் ‘அவர் சொன்னது இருக்கட்டும், படத்தில் எங்கே இருக்கிறது காட்டு’ என்பார். மூன்றாமவர் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பின்னால் அலமாரியில் இருக்கும் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருப்பார். இந்த மூன்று வழிகளையும் நான்கு படங்களில் வைத்துப் பார்க்கிறேன். முடிவுகளை எல்லாம் உடைத்துத்தான் எழுதியிருக்கிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

முதலில் ‘பிளேடு ரன்னர்’, 1982. மனிதரைப் போலவே செய்யப்பட்ட ரெப்ளிகன்ட்களைத் தேடிக் கொல்வது டெக்கார்டின் வேலை. அவனே ஒரு ரெப்ளிகன்ட்தானா என்பதுதான் நாற்பது வருடத்துக்கும் மேலாக ஓடும் கேள்வி. இயக்குநர் பேச்சை நம்பும் கட்சிக்கு இது சுலபம், ரிட்லி ஸ்காட் 2000-இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் டெக்கார்டாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு, பார்ப்பவர்கள் ஒட்டிக்கொள்ள ஒரு மனிதனாவது வேண்டாமா என்று வெகுகாலம் எதிர்த்துக்கொண்டிருந்தார். படைத்தவர்களின் வாக்கே வேதம் என்றால் இதில் எந்த வேதம்?

சரி, பேட்டிகளை விட்டுவிட்டுத் திரைக்கு வருவோம். அங்கேயும் ஒரு சிக்கல், எந்தத் திரை? 1982-இல் வெளியானதில் டெக்கார்டின் பின்னணிக் குரலும் ஒட்டவைத்த ஒரு சுப முடிவும் உண்டு. அந்த முடிவில் வரும் மலைக்காட்சிகள் குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ படத்துக்காக எடுத்து மிச்சமானவை என்பது தனிக் கூத்து. 1992-இல் வந்த இயக்குநர் பதிப்பில் இரண்டையும் தூக்கிவிட்டு, டெக்கார்ட் காணும் சில விநாடிக் கனவு ஒன்றைச் சேர்த்தார்கள். ஒற்றைக்கொம்புக் குதிரை ஒன்று காட்டுக்குள் ஓடுகிறது, அவ்வளவுதான். ஸ்காட் முழுக்கத் தன் விருப்பப்படி முடித்த 2007 பதிப்பிலும் அந்தக் கனவு இருக்கிறது.

அதே குதிரை, காகிதத்தில் மடித்த பொம்மையாக, டெக்கார்டின் வீட்டு வாசலில் கிடக்கிறது. செய்து போட்டவன் காஃப் என்ற போலீஸ்காரன். பொம்மை எல்லாப் பதிப்புகளிலும் உண்டு. 1982 பதிப்பில் அதற்கு ஒரே அர்த்தம்தான், காஃப் இங்கே வந்தான், டெக்கார்ட் காதலிக்கும் ரெப்ளிகன்ட் ரேச்சலைக் கொல்லாமல் விட்டுப் போனான். கனவு சேர்ந்தபின் அதே காகிதம் வேறு பேசுகிறது: என் கனவு இவனுக்கு எப்படித் தெரியும்? படத்தின் முதல் பாதியை நினைத்துப் பாருங்கள். ரேச்சல் யாரிடமும் சொல்லாத சிலந்தி ஞாபகத்தை டெக்கார்ட் அவளிடமே எடுத்துச் சொல்கிறான், அந்த நினைவு இன்னொருத்தியுடையது என்று அவளுக்கு அப்படித்தான் தெரியவருகிறது. அவன் அவளுக்குச் செய்ததை காஃப் ஒரு காகிதத் துண்டால் அவனுக்குச் செய்கிறான். ஸ்காட் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் இது அங்கேதான் இருக்கும்.

ஆனால் மனிதன் கட்சியையும் சும்மா ஒதுக்கிவிட முடியாது. டெக்கார்ட் மோதும் ரெப்ளிகன்ட் எல்லாரிடமும் அடி வாங்குகிறான், அவர்களுடைய பலத்தில் கால்வாசி கூட அவனிடம் இல்லை. அதைவிட முக்கியம் மொட்டைமாடிக் காட்சி. விழப்போகிறவனை ராய் என்ற ரெப்ளிகன்ட் ஒற்றைக் கையால் தூக்கிக் காப்பாற்றுகிறான். செய்யப்பட்ட ஒருவன், தன்னைக் கொல்ல வந்த மனிதனிடம் காட்டும் கருணை அது. இருவரும் ஒரே தொழிற்சாலைச் சரக்கு என்றால் அந்தக் காட்சி கொஞ்சம் சுருங்கத்தான் செய்கிறது. நான் பல வருடம் மனிதன் கட்சிதான். என்னை அசைத்தது ஃபோர்டு 2023-இல் சொன்னது: தான் ரெப்ளிகன்ட் என்று எப்போதுமே தெரியும், அதை எதிர்க்கத்தான் விரும்பினாராம். அதற்குப் பிறகு படத்தைப் பார்த்தால், தனக்கே தெரிந்துவிடக் கூடாது என்று குடித்துக்கொண்டு திரியும் ஒருவன்தான் கண்ணில் படுகிறான். பேட்டி தீர்ப்பு சொல்லவில்லை, ஆனால் நடிப்பைப் பார்க்கும் கண்ணைக் கொடுத்தது.

அடுத்தது ‘இன்செப்ஷன்’, 2010. பிறர் கனவுக்குள் புகுந்து வேலை பார்க்கும் காப், தான் இருப்பது நிஜமா கனவா என்று பார்க்க ஒரு பம்பரத்தைச் சுற்றிவிடுவான், விழுந்தால் நிஜம். கடைசிக் காட்சியில் அந்தப் பம்பரம் விழுந்ததா இல்லையா? இங்கே துப்புத் தேடுகிறவர்கள் உண்மையிலேயே உழைத்திருக்கிறார்கள். காபின் விரலில் திருமண மோதிரம் கனவில் மட்டும் இருக்கிறது, கடைசிக் காட்சியில் இல்லை. குழந்தைகளாக நடித்தவர்கள் பெயர்ப்பட்டியலில் இரண்டு வயதுக் கணக்கில் தனித்தனியாக வருகிறார்கள், அதாவது கடைசியில் வரும் குழந்தைகள் வளர்ந்தவர்கள். இயக்குநர் கட்சிக்கும் சாட்சி உண்டு. இதில் நடித்த மைக்கேல் கெய்ன், தான் வரும் காட்சிகள் எல்லாம் நிஜம் என்று இயக்குநர் நோலன் தன்னிடம் சொன்னதாக 2018-இல் சொன்னார், கடைசிக் காட்சியில் அவர் இருக்கிறார். ஆக, நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். வைத்துக்கொண்டு என்ன கிடைத்தது? புதிருக்கு விடை கிடைத்தது, படத்தில் ஒன்றும் கூடவில்லை. எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது, படத்தின் தொடக்கத்தில் கையில் துப்பாக்கியோடு பம்பரத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், கடைசியில் அதைச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குழந்தைகளிடம் போகிறான். பம்பரம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது நாம்தான். அதோடு அது அவன் மனைவி மாலின் பம்பரம், அவனுடையதே இல்லை.

‘தி ஷைனிங்’ (1980) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும் ஒரு மலை விடுதியைப் பார்த்துக்கொள்ள மனைவி, பையனோடு போகிறவனுக்கு அங்கே பைத்தியம் பிடிக்கும் கதை. துப்புத் தேடுகிறவர்கள் எந்த அளவுக்குப் போவார்கள் என்பதற்கு 2012-இல் ‘ரூம் 237’ என்று ஓர் ஆவணப்படமே வந்தது. அதில் ஒருவர், நிலவில் இறங்கிய காட்சிகளைப் படம்பிடித்ததே குப்ரிக்தான், அதை இந்தப் படத்தில் மறைவாக ஒப்புக்கொள்கிறார் என்கிறார். பையனின் ஸ்வெட்டரில் அப்போலோ 11 ராக்கெட், அறை எண் 237 என்றால் நிலவுக்குள்ள தூரம் 2,37,000 மைல், இப்படிப் போகிறது கணக்கு. படத்துக்கு மூலமான நாவலில் அறை எண் 217. படத்தில் வெளிப்புறமாகக் காட்டிய விடுதி, பிறகு யாரும் அந்த அறைக்கு வர மாட்டார்கள் என்று பயந்து, தங்களிடம் இல்லாத எண்ணாகக் கேட்டு மாற்றச் சொன்னது. சரி, அந்தக் காரணம் தெரியாது என்றே வைத்துக்கொண்டாலும், மாடிப்படியில் கணவனை நோக்கி மட்டையை வீசிக்கொண்டே பின்வாங்கும் மனைவி வெண்டியின் முகத்தைப் பற்றி நிலவுக் கதைக்குச் சொல்ல என்ன இருக்கிறது? அதே ஆவணப்படத்தில், செவ்விந்தியர்களை அழித்ததைப் பற்றிய படம் இது என்று வாதிடுபவரிடம் கொஞ்சமாவது பிடி இருக்கிறது, விடுதி அவர்களுடைய இடுகாட்டின் மேல் கட்டியது என்று படத்திலேயே மேலாளர் சொல்கிறார்.

கடைசியாக ‘அனாடமி ஆஃப் எ ஃபால்’, 2023. கணவன் மாடியிலிருந்து விழுந்து சாகிறான், மனைவி சாண்ட்ரா தள்ளினாளா என்று வழக்கு. இதில் இயக்குநர் கட்சிக்கு வேலையே இல்லை. நாயகி சாண்ட்ரா ஹூலர் கேட்டபோதும், குற்றமற்றவளைப் போல நடி என்றுதான் இயக்குநர் ஜஸ்டின் ட்ரியே சொன்னாராம். போல! துப்புத் தேடுகிறவர்களுக்கும் ரத்தத் துளிகளைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் அகப்படாது. மிச்சம் திரை மட்டும். அதில், பையன் சாட்சி சொல்லும்போது அப்பா காரில் பேசியது காட்சியாக விரிகிறது, அப்பாவின் உதடுகள் அசைகின்றன, வரும் குரல் பையனுடையது. முதல் தடவை பார்த்தபோது நான் அதைச் சாதாரணமாகக் கடந்துவிட்டேன். இரண்டாம் தடவை தூக்கிவாரிப்போட்டது, நாம் பார்ப்பது நடந்ததை இல்லை, பையன் நடந்ததாகச் சொல்வதை. வழக்கை முடிப்பது அந்தச் சாட்சிதான்.

எனக்கு அவள் தள்ளவில்லை என்றுதான் இன்னும் தோன்றுகிறது. கூடப் பார்த்த நண்பர் கொலைதான் என்கிறார், எதைக் காட்டினாலும் மசிவதில்லை. அப்படியென்றால் எல்லாம் முடிந்த இரவில் அந்த வீட்டு நாய் ஏன் அவள் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறது என்று கேட்டேன். நாய்க்கு என்ன தெரியும் என்கிறார்.