16 வருடமாக மலை ஏறும் என் ஜீப்

இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறைப் பக்கம் என் ஏலக்காய்த் தோட்டத்தில் தங்கினால், மறுநாள் காலை ஜீப்பை உடனே கிளப்ப முடியாது. சாவியை முதல் திருப்பில் நிறுத்தி, இன்ஜினுக்குள் இருக்கும் ஹீட்டர் சூடேற இருபது வரை எண்ண வேண்டும். அப்புறம் முழுசாகத் திருப்பினால், ஒரு குலுங்கு குலுங்கி, வெள்ளைப் புகை கக்கி, நான்கு சிலிண்டரும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் எனக்கு அன்றைக்கு விடிந்த மாதிரியே இருக்காது.

வண்டி 1994 மாடல் மஹிந்திரா எம்.எம். 540. தேனி மாவட்டத்துப் போடியில் ஒரு ஏலக்காய்த் தோட்டக்காரரிடமிருந்து 2009-ல் வாங்கினேன். என் நோட்டுக் கணக்குப்படி இதுவரை ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் மலை.

ஏன் இந்த வண்டி என்று கேட்பவர்களுக்கு என் தோட்டத்துப் பாதையைத்தான் காட்டுவேன். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டு, அங்கிருந்து பூப்பாறை வரை நல்ல தார் ரோடு. கடைசி மூன்று கிலோமீட்டர்தான் விஷயம். பாறையும் சேறும் ஓடைத் தண்ணீரும் மாறி மாறி வரும். பச்சை ஏலக்காய் எடுத்தால் அன்றைக்கே காயவைக்கும் ஸ்டோருக்குப் போய்க் காய வேண்டும். தாமதமானால் பச்சை நிறம் மங்கும், நிறம் மங்கினால் போடி ஏலத்தில் விலை இறங்கும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோதான் கிடைக்கும். அதனால் மழையோ மண்சரிவோ, மூட்டை கீழே வந்தாக வேண்டும். இந்த 16 வருடத்தில் வண்டியால் ஒரு நாள்கூடக் காய் தோட்டத்தில் தங்கவில்லை.

அந்த மூன்று கிலோமீட்டரை இறங்குவதில்தான் ஜீப்பின் முழு அருமையும் தெரியும். முதலில் கீழே இறங்கி, இரண்டு முன்சக்கரத்திலும் ஹப்பைத் திருகிப் பூட்ட வேண்டும், அப்போதுதான் முன்சக்கரமும் இழுக்கும். ஏறி உட்கார்ந்து, கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டைக் கம்பியை, வேகம் குறைத்து இழுவை கூட்டும் லோவில் போட்டு, முதல் கியரில் விட்டு, காலை பிரேக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். புதிதாக ஓட்டுபவருக்கு அந்த நொடி பயமாக இருக்கும். ஆனால் வண்டி ஓடாது, நடக்கும். ஆள் நடக்கிற வேகத்தில், இன்ஜினே பிடித்து நிறுத்தியபடி, ஒவ்வொரு பாறையாகக் கால் வைத்து இறங்கும். சேறு அதிகமானால் டயருக்குச் செயின் போட்டுக்கொள்வோம். பின்னால் ஆறு மூட்டை இருந்தாலும் அதே நிதானம்தான்.

இந்த நிதானத்துக்கு 80 வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன, எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி கேட்டு 135 நிறுவனங்களுக்கு எழுதியது. மாதிரி வண்டியைச் செய்ய வெறும் 49 நாள்தான் அவகாசம். பாண்டம் என்ற சின்ன நிறுவனம் கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்துச் செய்து முடித்தது. கடைசியில் வில்லிஸும் ஃபோர்டும்தான் பெருமளவில் தயாரித்தன. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல். அந்த வில்லிஸ் ஜீப்பைத்தான் மஹிந்திரா நிறுவனம் உரிமம் வாங்கி, பாகங்களாக இறக்கி பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பின்னாளில் இன்ஜின் வடிவமைப்பு பிரான்சிலிருந்து வந்தது. என் வண்டியில் இருப்பது பெஜோ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் உரிமத்தில் இங்கே தயாரான எக்ஸ்.டி.பி. 4.90 டீசல், 2112 சி.சி. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம் என்பதுதான் அந்த 4.90. அமெரிக்க உடம்பு, பிரெஞ்சு நெஞ்சு, போடி பட்டறையின் கை என்று நான் சொல்வேன்.

ஜீப் என்றால் எங்கள் தலைமுறைக்கு முதலில் நினைவு வருவது அரசாங்கம்தான். ஊருக்குள் புழுதி கிளம்பினால், யூனியன் ஆபீஸ் ஜீப்பா, போலீஸ் ஜீப்பா, கடன் வசூலுக்கு வந்த ஜீப்பா என்று பெரியவர்கள் திண்ணையிலிருந்து எழுந்து பார்ப்பார்கள். தேர்தல் வந்தால் அதே ஜீப் திருவிழாவாகிவிடும். மைக் கட்டி, கொடி கட்டி, பறக்கவிடும் நோட்டீஸைப் பொறுக்க நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவை ரத்தாக்கும் விதி வந்ததோடு, அலுவலக வாசல்களில் மிச்சமிருந்த பழைய ஜீப்புகளும் பெரும்பாலும் போய்விட்டன. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் எங்கள் பக்கம் ஜீப்பின் உண்மையான முகம் கூலி ஜீப். போடி, தேவாரம், கம்பம் பகுதி ஊர்களில் இருட்டு விலகும் முன்பே பெண்கள் தூக்குவாளியோடு காத்து நிற்பார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, இருட்டுகிற நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து விடுவது இந்த வண்டிகள்தான். ஏலக்காய் மணக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எவ்வளவு உறுதியான வண்டியானாலும் வளைவில் எடை ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்ந்ததுதான்.

ஜீப் உடையவே உடையாது என்று சிலர் எழுதுகிறார்கள். உடையும். உடைந்த இடத்திலேயே சரிசெய்ய முடியும் என்பதுதான் அதன் பெருமை. ஒரு ஐப்பசி மழையில் பின்பக்க ஸ்பிரிங்கின் மெயின் பட்டை ஒடிந்து, பாடி டயரில் உரசியது. பக்கத்துத் தோட்டத்து டிரைவர் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். “தம்பி, ஜாக்கியப் போடுங்க, நான் கட்டை வெட்டிட்டு வாரேன்” என்றார். பாடியைத் தூக்கி, அச்சுக்கும் சேஸிஸுக்கும் (வண்டியின் அடி இரும்புச் சட்டம்) நடுவே மரக்கட்டையை வைத்து, கொச்சக்கயிற்றை நனைத்து இறுக்கிக் கட்டினார். முக்கால் மணி நேரம். அப்படியே மெதுவாகப் போடி வரை வந்து சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வைத்துக் குறை கண்டுபிடிக்கும் வண்டிகளில் இது நடக்குமா?

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அறுபதுக்கு மேல் போனால் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. சித்திரை வெயிலில் இன்ஜின் சூடு கால் வழியாக ஏறும். தார்ப்பாய்க் கூரை எப்படிக் கட்டினாலும் சாரல் உள்ளே வரும். வயதானவர்களை நீண்ட தூரம் கூட்டிப்போகக் கூடாது, பட்டை இடுப்பில் தெரியும். நான்கும் டிரம் பிரேக் என்பதால், ஓடையில் இறங்கி ஏறினால் நாலைந்து முறை மிதித்துக் காயவைக்காமல் வேகம் எடுக்கக் கூடாது. மைலேஜ் சமவெளியில் 11, மலையில் 8.

செலவில் டயரும் கிரீஸும் ஆயிலும்தான் வழக்கமானவை. கிளட்ச் இரண்டு முறை, கிராஸ் ஜாயிண்ட் நான்கு முறை மாற்றியிருக்கிறேன். பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5000 ரூபாய் ஆனது. 2024-ல் அதைக் கட்டித்தான் புதுப்பித்தேன்.

பழைய ஜீப் வாங்க நினைப்பவர்கள் பெயிண்டையும் பெரிய டயரையும் பார்த்து மயங்க வேண்டாம். இன்ஜினைச் செய்துகொள்ளலாம், கியர்பாக்ஸைச் செய்துகொள்ளலாம். ஒரு பழைய சாக்கை விரித்து அடியில் படுங்கள். ஸ்பிரிங் பட்டை சேஸிஸில் பிடிக்கும் இடங்களை, முக்கியமாகப் பின்பக்கம் இரண்டையும், ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். டங்கென்று சத்தம் வந்தால் விலை பேசலாம். துருப்பிடித்து உள்ளே இறங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.