மெக்சிகோவும் பெருவும்: இரண்டு பேரரசுகள் விழுந்த விதம்

மெக்சிகோவில் அஸ்டெக் பேரரசின் தலைநகரை ஸ்பானியப் படைத்தலைவர் கோர்டெஸ் கைப்பற்றியது 1521-இல். பெருவில் இன்கா மன்னர் அதாவால்பாவை இன்னொரு ஸ்பானியத் தலைவர் பிசாரோ பிடித்தது 1532-இல். இரண்டையும் ஒரே கதையாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மெக்சிகோவில் நடந்தது முழுப் போர். அஸ்டெக்குகளின் பழைய பகைவரான த்லாஸ்கலா மக்கள் ஆயிரக்கணக்கில் ஸ்பானியர் பக்கம் நின்றார்கள். 1520-இல் பெரியம்மை புது மன்னர் குயித்லாவாக்கையே கொண்டுபோனது. ஸ்பானியர் குடிநீரைத் துண்டித்த பிறகும் தலைநகர் தெனோச்தித்லான் தெருத் தெருவாகச் சண்டையிட்டது.

பெருவில் நடந்தது பச்சைத் துரோகம். அண்ணன் தம்பி அரியணைச் சண்டையில் நாடு அப்போதுதான் பிளந்து கிடந்தது. பேசலாம் என்று அழைக்கப்பட்ட அதாவால்பா, பெரும்பாலும் ஆயுதமில்லாத பரிவாரத்தோடு கஹமார்கா நகரின் சதுக்கத்துக்குள் வந்தார். மறைந்திருந்த ஸ்பானியர் வெறும் 168 பேர். பீரங்கி வெடித்தது, குதிரைகள் பாய்ந்தன; இருட்டுவதற்குள் ஆயிரக்கணக்கானோர் பிணம். பிடிபட்ட அதாவால்பா விடுதலைக்காக ஒரு அறை நிறையத் தங்கமும் அதில் இரு மடங்கு வெள்ளியும் தருவதாகச் சொன்னார். தங்கம் வந்து குவிந்தது. அப்புறமும் 1533-இல் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் எதிர்ப்பு நீடித்ததும் பெருவில்தான். தலைநகர் விழுந்ததும் அஸ்டெக் அரசு முடிந்தது. இன்காக்களோ வில்கபாம்பா மலைக்காடுகளில் 1572 வரை தாக்குப்பிடித்தார்கள்.